பன்னிரண்டு தடவை அமுக்கினால் நூறு

இன்று காலை கடையில் ஒருவர் கேட்டார்: "தண்ணி கொதிக்க வெக்கிறதுக்கு எதுக்கும்மா இத்தனை பட்டன்?"

மனைவியோடு வந்திருந்தார். எல்லோருக்கும் செய்வதுபோல அவருக்கும் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, அடித்தட்டில் உட்காரவைத்து, கூட்டல் பட்டனை அமுக்கிக் காட்டினேன். "கிரீன் டீக்கு எண்பது போதும் சார். நம்ம டீத்தூளுக்கு நூறு வேணும். குழந்தைக்குப் பால் கலக்க அம்பது. நீங்க வெச்ச சூடு வந்ததும் அதுவே நின்னுடும்." பீப். நாற்பத்தைந்து. பீப். ஐம்பது. பீப். ஐம்பத்தைந்து.

அதற்கு மேல் என் விரல் போகவில்லை. "ஏய், பேசாதடி, எண்ணிக்கை தப்பிடும்" என்று நீ அதட்டுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மிக்ஸி கவுன்டரில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, இவங்களைக் கொஞ்சம் பாரும்மா என்று சொல்லிவிட்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ போய்ப் பத்து மாதமாகிறது. அழுகை எப்போதோ நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ படிக்கமாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே கடைசி ஆறு வருஷம் நீ எதையும் படிக்கவில்லை. கேஸ் புத்தகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை நான்தான் வாசித்துக் காட்டினேன். இதையும் அப்படியே கேட்டுக்கொள். நடுவில் பேசாதே. நீ எண்ணும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் இல்லையா.

எங்கிருந்து தொடங்க? உன் கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பு வரை நீயும் நானும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நீ உன் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாய். நான் பன்னிரண்டு முடித்து, கல்யாணமாகிக் கோட்டக்குப்பத்துக்கு வந்து, பாண்டிச்சேரியில் இந்த வீட்டுச் சாமான் கடையில் சேர்ந்தேன். உன் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பாலுவை நீ உப்புக் கூடை தூக்கியே வளர்த்தாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் பஸ் ஏறி மரக்காணம் வந்து உன் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அம்மா கோயிலுக்குக் கிளம்பிட்டாங்க என்று.

நாற்பது தாண்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாய்: "ஓரத்துலேருந்து யாரோ கதவைச் சாத்திக்கிட்டே வர்ற மாதிரி இருக்குதுடி." எதிரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. வரப்பின்மேல் கூடையோடு வந்த ஒரு பெண்ணை நீ இடித்து, இரண்டு பேரும் பாத்திக்குள் விழுந்தீர்கள். மேஸ்திரி உன்னைப் பார்த்து, "காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டானாம். நீ சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "கண்ணுக்குள்ள பிரஷர் ஏறியிருக்குது. போன பார்வை திரும்பாது. மிச்சமிருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது. சொல்ற தேதிக்கு செக்கப்புக்கு வந்துடணும்." உப்பு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததா என்று கேட்டேன். அப்படி இல்லை என்றார். சரி, உப்பால் வரவில்லை. ஆனால் நீ செக்கப்புக்குப் போன அன்று உன் கூடையை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். மறுநாள் போனபோது, "இன்னைக்கு ஆள் இருக்குது, நாளைக்கு வா பாக்கலாம்" என்றான் மேஸ்திரி. இரண்டாவது செக்கப்புக்கும் அதே கதை. மூன்றாவதுக்கு நீ போகவே இல்லை. என்னிடம் சொல்லவும் இல்லை.

"மருந்து போடறியா?" என்று வாராவாரம் கேட்டேன்.

"போடறேன்டி" என்றாய் வாராவாரம்.

மருந்துப் பாட்டிலை நான் பார்க்கும்படி சாமி படத்துக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தாய். ஒருநாள் கையில் எடுத்தேன். காலி. காலியாகி எத்தனை மாசம் என்று கேட்டதற்கு, பாட்டிலை வாங்கி மறுபடி அங்கேயே நிறுத்தினாய். அந்தப் பொய்யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்துப்போய்விட்டாய் என்பதற்காக மன்னித்துவிட முடியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையில் லீவு போட்டு வந்து, அந்த மேஸ்திரியிடம் நானே சண்டை போட்டிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்றாய் பிற்பாடு. "நீ சண்டை போட்டுட்டு பஸ் ஏறிடுவ. நான்ல மறுநாள் அவன் மூஞ்சில முழிக்கணும்."

நாற்பத்தாறு வயதில் கதவு முழுசாகச் சாத்திக்கொண்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும் என்பாய்.

அதற்குப் பிறகு உன்னை எல்லோரும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பாலு உன்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மருமகள் சுமதி சாப்பாட்டைத் தட்டில் போட்டு, குழம்பு எந்தப் பக்கம், பொரியல் எந்தப் பக்கம் என்று சொல்லிக் கையில் கொடுப்பாள். ஆனால் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. கேஸ், தீ. அது நியாயம்தான். காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. நடுவில் வேண்டுமென்றால் கேட்க வேண்டும்.

முப்பது வருஷம் உப்பளத்தில் ஒன்பதரை மணி டீ குடித்தவள் நீ. கேன் வந்துவிட்டது என்று யாராவது குரல் கொடுத்ததும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து குடித்த டீ. வீட்டில் ஒன்பதரைக்குச் சுமதி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். முதலில் கேட்டாய். "இதோ அத்தை" என்பாள், மறந்துவிடுவாள். இரண்டாவது தடவை கேட்க உனக்குக் கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கி வந்த பக்கோடாவோடு டீ போடச் சொல்லட்டுமா என்றேன். "வேணாம்டி. டீயை விட்டுட்டேன்" என்றாய்.

"ஏன்?"

"ஒவ்வொரு தடவையும் வாயைத் தொறந்து கேக்கணும்னா அது டீயே இல்ல. மருந்து."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் அந்தக் கெட்டில் உன் வீட்டுக்கு வந்தது.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ரகமாகப் பார்த்து எடுத்தேன். வெறும் கெட்டில் கொதித்தால்தான் நிற்கும். இதில் வேண்டிய சூட்டில் நிறுத்தலாம், உனக்குக் கையில் கொட்டினாலும் வெந்துவிடாத சூட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ஆனால் எண்கள் கண்ணாடித் திரையில் தெரிகிற எண்கள். உனக்கு எப்படித் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. வாங்கி வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. அசடு வழிந்தபடி நின்றேன். நீ மேலெல்லாம் தடவிப் பார்த்தாய். மூக்கு, கைப்பிடி, மூடி, அடித்தட்டு, பட்டன்கள். ஒரு பட்டனை அமுக்கினாய். பீப்.

"இப்ப எவ்ளோ காட்டுது?"

"நாப்பத்தஞ்சு."

மறுபடி அமுக்கினாய். "இப்ப?"

"அம்பது."

"ஆன் பண்ணா நாப்பதுலதான் எப்பவும் ஆரம்பிக்குமா?"

"ஆமா."

விரல் மடக்கி எண்ணினாய். பிறகு சிரித்தாய். "அப்ப பன்னெண்டு தடவை அமுக்கினா நூறு. போடி, இதுக்குக் கண்ணு எதுக்கு?"

அந்த ஒரு மத்தியானம் நீ எத்தனை தரம் அதை ஆன் செய்து அணைத்திருப்பாய்! தண்ணீரை டம்ளரால் அளந்து ஊற்றினாய். ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் கெட்டிலின் மூக்கைத் தொடவைத்துச் சாய்த்தாய். டம்ளர் நிறைய நிறையச் சத்தம் மெலிசாகிக்கொண்டே போவதைக் கேட்டு நிறுத்தினாய். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கும் சுடுதண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றாய். நான் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொள் என்றாய். மூடினேன். இருந்தது. கடையில் பதினைந்து வருஷமாகக் கெட்டில் விற்கிறவள், அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? கிளம்பும்போது, "எழுபதுக்கு மேல வெக்காத. ஆறு தடவையோட நிறுத்திக்கோ" என்று சத்தியம் வாங்கினேன்.

நாலு நாள் என் பேச்சைக் கேட்டாய். ஐந்தாம் நாள் போன் செய்தாய்.

"தேவகி, எழுபதுல சாயம் எறங்கலடி. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குது."

"கொஞ்சம் தூளு அதிகமாப் போடு."

"போட்டேன். கசக்குது, ஆனா டீயா வரல."

"பரவால்ல, பழகிக்கோ. கையில கொட்டிக்கிட்டா யாரு பாக்கிறது?"

உனக்கு அப்போது வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "பயம் உனக்கு. டீ எனக்கு. உன் பயத்தைக் கொண்டாந்து எதுக்கு என் டீயில கலக்கிற?" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய்.

அடுத்த ஞாயிறு வந்தேன். என் எதிரிலேயே பன்னிரண்டு தடவை அமுக்கினாய். மூடிபோட்ட சொம்பில் டீத்தூளைப் போட்டுக் கொதிதண்ணீரை ஊற்றி மூடினாய். மூன்று நிமிஷம் உதட்டுக்குள் எண்ணினாய். வடிகட்டியை டம்ளர்மேல் வைத்து வடித்து, பால் பவுடரும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, என் கை இருக்கும் திசை பார்த்து நீட்டினாய். சரியான டீ. சாயமும் சூடும் சரியாக இருந்த டீ. நான் எழுபதைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஆனால் மனதுக்குள் என் பயம் அப்படியேதான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகப் போனது. மறுபடி உனக்கு ஒன்பதரை மணி வந்தது. உன் ஊர் உப்புத் தண்ணீரில் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். விரலால் தடவி, "இதுக்குள்ளயும் விளையுதுடி, இங்கயும் நான்தான் வாரணுமா?" என்பாய். எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்கவைத்துக் கழுவுவாய். ஒருமுறை ஆசைப்பட்டுப் பாலையே ஊற்றிப் பொங்கவிட்டு, அடிப்பிடித்து, வீடெல்லாம் நாற்றம். சுமதி திட்டுவாள் என்று பயந்தாய். அவள் சிரித்தாள். பேத்திக்குப் பால் கலக்கும் வேலையை உன்னிடமே விட்டுவிட்டாள். இரண்டு தடவை அமுக்கினால் ஐம்பது, குழந்தைக்குச் சரியான சூடு. "பாப்பாவுக்கு ரெண்டு, எனக்குப் பன்னெண்டு" என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினாய்.

பாப்பா தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தாள். ஒருநாள் ஒயரைப் பிடித்து இழுத்தாள். கெட்டில் மேசையிலிருந்து அவள் பக்கத்தில் விழுந்தது. அவளுக்குப் பால் கலக்க வைத்த ஐம்பது டிகிரித் தண்ணீர். பாவாடை நனைந்தது, பயந்து அழுதாள், அவ்வளவுதான். கெட்டிலில் ஒரு பக்கம் நசுங்கிப்போனது. வேலையிலிருந்து வந்த பாலு அதை எடுத்துப் பரண்மேல் போட்டான்.

"நூறுல இருந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டானாம்.

"நூறுல வெக்கிற நேரத்துல அவ தூளியில தூங்குவா. அதைப் பாத்துதான்டா வெக்கிறேன்" என்று சொன்னாயாம்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பெற்ற குழந்தை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் பயந்துதான் போயிருப்பேன். ஒயரைச் சுவரோடு கட்டலாம், மேசையை உள்ளே தள்ளிப் போடலாம், கெட்டிலை உன் அறையில் வைத்துக் கதவுக்குக் கொக்கி போடலாம். எத்தனையோ வழி இருந்தது. யாரும் யோசிக்கவில்லை. பரண்தான் கைக்கு எட்டியது.

பாலு எனக்குப் போன் செய்தான். கடையில் கூட்டம், ஒரு கையில் குக்கர் மூடி, எதிரே வாடிக்கையாளர். "சின்னம்மா, பாப்பா கொஞ்சம் பெருசாகிற வரைக்கும் மேலயே இருக்கட்டும்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க? நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியும். அது உனக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

"சரிப்பா. அப்படியே வெச்சிடு. கண்ணு தெரியாதவகிட்ட அதைக் குடுத்ததே நான் பண்ண தப்பு. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசவில்லை. அந்த ஞாயிறு கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று வரவில்லை. அடுத்த ஞாயிறு என் நாத்தனார் வீட்டு விசேஷம். அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. நீயும் போன் செய்யவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறாள், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாலுவின் போன். அழுதுகொண்டே சொன்னான். அந்தப் பக்க டீக்கடைக்குப் போக நீ ஈசிஆர் ரோட்டைக் கடந்திருக்கிறாய். தனியாக. பஸ் போகும்வரை நின்று, அந்தச் சத்தம் தாண்டியதும் காலை எடுத்து வைத்திருக்கிறாய். பஸ்ஸை முந்துவதற்காக அதன் பின்னாலேயே எதிர்ப்பக்கமாக ஏறி வந்த கார் உன் காதில் விழவில்லை. அது நிற்கவும் இல்லை. பாண்டிச்சேரிக்குக் கொண்டுவரும் வழியில், பொம்மையார்பாளையம் தாண்டும்போது ஆம்புலன்ஸில் உன் மூச்சு நின்றுவிட்டது. நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உன்னை உயிரோடு இறக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. வழி தவறிச் சாலைக்கு வந்த பார்வையற்ற பெண் என்று போட்டிருந்தார்கள். நிற்காமல் போன காரைப் பற்றி ஒரே ஒரு வரி.

கருமாதி அன்று பந்தலில் உட்கார்ந்து உன் சொந்தக்காரர்கள் பேசியதைக் கேட்டேன். "ஒரு டீ குடிக்க ஆசப்பட்டு உசுர விட்டுட்டா பாரு." "கேட்டிருந்தா மருமவ போட்டுக் குடுத்திருக்க மாட்டாளா?" "கண்ணு தெரியாதவளுக்கு ரோட்டுல என்ன வேல?" உன் பெரியப்பா மகன், ஆறு வருஷத்தில் உன்னை ஒருமுறைகூட வந்து பார்க்காதவர், "விதி" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. "விதி இல்லண்ணே, கார்" என்று கத்தினேன். "அவளைக் கொன்னவன் கார் ஓட்டிக்கிட்டு எங்கயோ நிம்மதியாப் போறான். நீங்க இங்க உக்காந்துகிட்டு டீயைக் குத்தம் சொல்றீங்க." பாலு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனையும் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ, சுமதி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

அடுப்படியில் வைத்துத்தான் சொன்னாள். என்மேல் கோபம் எதுவும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"சின்னம்மா, நீங்க அன்னிக்குப் போன்ல பேசினப்ப அத்தை பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. அவரு ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நீங்க சொன்னா நம்புவாங்கன்னு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து ரூமுக்குப் போயிட்டாங்க. அப்புறம் கெட்டிலப் பத்தி யார்கிட்டயும் கேக்கவே இல்ல."

தோசைச் சட்டுவம் ஒன்று அடுப்பு மேடையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணு தெரியாதவ. இத்தனை வருஷப் பழக்கத்தில் உன்னை நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. உன் எதிரில் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலுமேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. அவன்மேல், அந்தக் கார்க்காரன்மேல், மேஸ்திரிமேல், உன்மேல். உன்மேல்தான் அதிகம். எனக்கு ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாமே. எழுபது டிகிரிக்குத் திட்டினாய் அல்லவா? இதற்கு ஏன் திட்டவில்லை? அந்தக் காலி மருந்துப் பாட்டிலைப்போல இதையும் ஏன் என் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டாய்?

இரண்டு மாதம் கழித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீ போக நினைத்த டீக்கடைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உப்பளத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதே முக்கால். டீ மாஸ்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். இங்கே வரும் வழியில்தான் அப்படி ஆகிவிட்டது, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றேன்.

"தெரியுமாவா?" என்றார் அவர். "எட்டு நாளா வந்துட்டிருந்தவங்களாச்சே."

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

எட்டு நாள். கெட்டில் பரண் ஏறி இரண்டு வாரம் பொறுத்துவிட்டு நீ நடக்க ஆரம்பித்திருக்கிறாய். சுமதி பாப்பாவைக் குளிப்பாட்டும் நேரம். சுவரைத் தொட்டு, சாக்கடை ஓரம் கம்பால் தட்டி, கரன்ட் கம்பம் வரை எண்ணி, அங்கே நின்று ரோட்டைக் கேட்டு. முதல் நாள் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கடத்திவிட்டாராம். இரண்டாம் நாளிலிருந்து நீயே கடந்தாய். டீ மாஸ்டர் பதறிப்போய், நான் வந்து கூட்டிக்கிறேன் அம்மா என்றதற்கு, "நீ டீயைப் பாருப்பா, தண்ணி இன்னும் கொதி வரல, சத்தமே சொல்லுது" என்றாயாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

பெஞ்சில் இருந்த ஒரு பெண் பேசினாள். "எங்ககூடதான் உக்காருவாங்க. யார் யார் புதுசா வந்திருக்காங்க, மேஸ்திரி இப்ப எப்படி இருக்கான், எல்லாம் கேப்பாங்க. கண்ணுல ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா ஒளிக்காம உடனே போய்க் காட்டுங்கடின்னு எங்க ஒவ்வொருத்தியையும் புடிச்சுச் சொல்லிட்டாங்க. நான் போய்க் காட்டினேன்கா. எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ மாஸ்டர் கேட்காமலேயே ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"அவங்க சிநேகிதி ஒருத்தங்க பாண்டில கெட்டில் விக்கிறாங்களாமே, அது நீங்களா?"

ஆமாம் என்றேன். என்னைப் பற்றி நீ என்ன சொன்னாய் என்று அவர் சொல்லப்போகிறார் என்பது தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது.

"அந்த வியாழக்கிழமகூட உங்களப் பத்திதாங்க பேச்சு. அதுக்கு மறுநாள்தானே... 'எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அவளுக்கு ரொம்பப் பயம் மாஸ்டர். ஞாயித்துக்கெழம வருவா. கையப் புடிச்சு நானே ரோட்டக் கடத்தி இட்டாந்து, இந்தப் பெஞ்சுல உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுக்கிறேன். அப்பதான் அவளுக்கு பயம் தெளியும்'னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

டம்ளர் கையைச் சுட்டது. கீழே வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஸ்டாக்கும் இல்லை, விசேஷமும் இல்லை, தலைவலியும் இல்லை. கடைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பெருமுக்கல் மலைக்குப் போவதென்று வேன் பேசியிருந்தோம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க இன்னொரு ஞாயிறு கிடைத்தது என்று.

"நீங்க வந்திருப்பீங்க இல்ல, அந்த ஞாயித்துக்கெழம?" என்று கேட்டார் மாஸ்டர்.

"வந்திருப்பேன்" என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையசைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல முடியாது. வந்திருக்கமாட்டேன்.